எழும்பூர் ஸ்டேஷனோட பழைய வாசல் வாசலாவே இருக்கணும் - தென்னக ரயில்வேக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தென்னக ரயில்வே பொது மேலாளர் அவர்களுக்கும், சென்னை கோட்ட அதிகாரிகளுக்கும், எழும்பூர் மறுசீரமைப்பு வேலைய பாத்துட்டு இருக்கிற இன்ஜினியர்களுக்கும் வணக்கம்.

2022 மே 26 அன்னிக்கு பிரதமர் சென்னையில அடிக்கல் நாட்டின அஞ்சு ஸ்டேஷன்ல எழும்பூரும் ஒண்ணு, மத்த நாலு மதுரை, காட்பாடி, ராமேஸ்வரம், கன்னியாகுமரி. எழும்பூருக்கு மட்டும் சுமார் 735 கோடி ரூபாய்னு அறிவிச்சிருந்தீங்க. காந்தி இர்வின் ரோடு பக்கம் ஒரு புது டெர்மினல், பூந்தமல்லி ஹை ரோடு பக்கம் ஒண்ணு, தண்டவாளத்துக்கு மேல ரெண்டு பக்கத்தையும் இணைக்கிற பெரிய ஹால், மாடி மாடியா பார்க்கிங். இதெல்லாம் வேண்டாம்னு சொல்ல இந்த லெட்டர் எழுதலைங்க. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அந்த பிளாட்ஃபார்ம்ல நின்னவங்க யாரும் அப்படி சொல்ல மாட்டாங்க. லிஃப்ட் வேணும், டாய்லெட் வேணும், உக்கார இடம் வேணும், நடைபாலத்துல நெரிசல் குறையணும், எல்லாமே நியாயமான தேவைதான்.

பழைய கட்டடத்தை இடிக்க மாட்டோம், பாதுகாப்போம்னும் சொல்லியிருக்கீங்க, அதுக்கு மனசார நன்றி. ஆனா என் கவலை அதுக்கு அடுத்த படியில இருக்கு. இடிக்காம விடுறது ஒண்ணு, அதை ஸ்டேஷனாவே வெச்சிருக்கிறது இன்னொண்ணு. புது டெர்மினல் திறந்ததுக்கு அப்புறம் ஊருக்கு போறவங்க யாருமே அந்த சிவப்பு கட்டடத்துக்குள்ள கால் வைக்காம போற நிலைமை வந்துட்டா, பெயிண்ட் அடிச்சு லைட்டு போட்டு எவ்ளோ அழகா நிறுத்தி வெச்சாலும் அது நமக்கு நஷ்டம்தான். கல்யாண வீட்டுல தாத்தாவுக்கு பட்டு வேட்டி கட்டி ஓரமா நாற்காலி போட்டு உக்கார வெச்சு, வர்றவங்க போறவங்க எல்லாம் பக்கத்துல நின்னு போட்டோ மட்டும் எடுத்துக்கிட்டு, ஒரு காரியத்துக்கும் அவரை ஒரு வார்த்தை கேக்காம விடுறோமே, அந்த நிலைமை இந்த கட்டடத்துக்கு வரக்கூடாது. நான் கேக்கப் போறது அத்தனையும் இந்த ஒரு விஷயத்துல அடங்கிடும்.

இது எப்படி வந்த கட்டடம்னு உங்க ஆபீஸ்ல இருக்கிறவங்களுக்கு தெரியாம இருக்காது, ஆனா இந்த மடலை படிக்கிற மத்தவங்களுக்காக கொஞ்சம் சொல்லிடறேன். அந்த காலத்துல தெற்க போற மீட்டர்கேஜ் லைன், அதாவது ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம், எல்லாம் சவுத் இந்தியன் ரயில்வே கம்பெனியோடது. அவங்களுக்கு மெட்ராஸ்ல கவுரவமா ஒரு பெரிய ஸ்டேஷன் தேவைப்பட்டுச்சு. எழும்பூர்ல பாத்த இடத்துல 1.83 ஏக்கர் டாக்டர் புல்னி ஆண்டிங்கிறவர்கிட்ட இருந்துச்சு, சீமைக்கு போய் டாக்டர் பட்டம் வாங்கின முதல் இந்தியர்கள்ல ஒருத்தர் அவர். முதல்ல குடுக்க மாட்டேன்னுதான் இருந்திருக்கார், கடைசியில 1 லட்ச ரூபாய்க்கு கை மாறுச்சு. 1905 செப்டம்பர்ல வேலை ஆரம்பிச்சு 1908 ஜூன் 11 அன்னிக்கு திறந்தாங்க, மொத்த செலவு 17 லட்சம். டிசைன் பண்ணவர் ஹென்றி இர்வின், கட்டினவர் பெங்களூர் காண்ட்ராக்டர் சாமிநாத பிள்ளை.

இர்வின் யாருன்னா, மைசூர் அரண்மனை கட்டினவர், சிம்லாவுல வைஸ்ராய் மாளிகை கட்டினவர், நம்ம ஹைகோர்ட் கட்டடத்தை முடிச்சுக் குடுத்ததுலயும், கன்னிமாரா லைப்ரரியிலயும் இவர் கை இருக்கு. எழும்பூர் வேலை நடந்த அதே வருஷங்கள்ல பக்கத்துலயே பாந்தியன் ரோட்டுல மியூசியம் வளாகத்துல இன்னொரு கட்டடமும் இவர் டிசைன்ல எழும்பிட்டு இருந்துச்சு, இப்ப நேஷனல் ஆர்ட் கேலரின்னு சொல்றோமே அதுதான், 1909ல திறந்தது. ரெண்டும் நடந்து போற தூரத்துல இருக்கு, பிடிச்சவங்க ஒரே காலையில ரெண்டையும் பாக்கலாம். அங்க சத்தியவேடு பக்கத்துல இருந்து வந்த இளஞ்சிவப்பு கல்லு, ஃபதேபூர் சிக்ரியோட புலந்த் தர்வாசாவை மனசுல வெச்சு பண்ணின முகப்பு. இங்க அந்த அளவுக்கு ஆடம்பரம் கிடையாது, ஏன்னா இது வேலை செய்யற கட்டடம், தினம் ஆயிரக்கணக்கான செருப்பு தேயணும், மூட்டை இடிக்கணும், மழையில நனைஞ்சவங்க வந்து ஒதுங்கணும்.

முகப்பை ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்னு பொறுமையா பாத்தா தெரியும். நடுவுல பெரிய டோம், பக்கத்துல துணைக்கு சின்ன சின்ன டோம்கள், கீழ வரிசையா வளைவுகள், சிவப்பு சுவத்துல வெள்ளை வரம்பு, தூணுங்கள்ல நம்ம ஊர் கோயில் மண்டபத்தோட சாயல். முகலாயர் பாணி, திராவிட பாணி, ஐரோப்பா கோதிக் எல்லாம் ஒரே சுவத்துல. இந்தோ சாராசெனிக்னு சொல்ற இந்த பாணியை வெள்ளைக்காரன் தன்னோட அதிகாரத்தை காட்டறதுக்கு இந்திய வேஷம் போட்டுக்கிட்டதுன்னு சில பேர் சொல்லுவாங்க, அதுல உண்மை இருக்கு, நான் மறுக்கலை. ஆனா அந்த தூணை செதுக்கினது லண்டன்ல இருந்து வந்த ஆள் இல்ல, இங்க கோயில் வேலை, வீட்டு வேலைன்னு பரம்பரையா உளி பிடிச்ச கை. அவங்க பேரு எந்த கல்வெட்டுலயும் கிடையாது. அதுக்கு அப்புறம் 100 வருஷத்துக்கு மேல டிக்கெட் காசு குடுத்து இந்த கட்டடத்தை வாழ வெச்சதும் நம்ம ஜனங்கதான். அதனால இதை யாரோ விட்டுட்டுப் போன சொத்தா என்னால பாக்க முடியலை, இது நம்மளோடது.

இப்ப சொல்லப் போறதுதான் எனக்கு ரொம்ப முக்கியமா படுது, வெளி அலங்காரத்தை விட இந்த கட்டடத்தோட அமைப்புல ஒரு புத்திசாலித்தனம் இருக்கு.

சென்ட்ரல் ஸ்டேஷன்ல தண்டவாளம் எல்லாம் வந்து முட்டி நின்னுடும், முன்னாடி கட்டடம், பின்னாடி பிளாட்ஃபார்ம். எழும்பூர் அப்படி இல்ல, வண்டி இந்தப் பக்கம் வந்து அந்தப் பக்கம் போயிட்டே இருக்கலாம், பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் நடுவுல இருக்கிற ஸ்டேஷன். அதனால கட்டடத்தை தண்டவாளத்துக்கு பக்கவாட்டுல நீட்டி போட்டிருக்காங்க, 300 அடி நீளம், 71 அடி அகலம். இதனால என்ன ஆகுதுன்னா, ரோட்டுல ஆட்டோ விட்டு இறங்கினவங்க போர்டிகோ நிழல்ல ஒதுங்கி, உயரமான ஹால்ல நுழைஞ்சு, அந்தப் பக்கம் வெளிய வந்தா பிளாட்ஃபார்ம், வழியில பெருசா ஏறி இறங்கற வேலை எதுவும் கிடையாது. பேரனை இடுப்புல வெச்சுக்கிட்டு ஒரு கையில பையோட வர்ற பாட்டிக்கு இதை விட நல்ல டிசைன் என்ன இருக்கு சொல்லுங்க. கட்டடத்தை ஒட்டி இல்லாம தள்ளி இருக்கிற பிளாட்ஃபார்ம்களுக்கு மேம்பாலம் ஏறித்தான் ஆகணும், அது வாஸ்தவம், அங்க உங்க புது ஹாலும் எஸ்கலேட்டரும் பெரிய உதவி. ஆனா முன்பக்க பிளாட்ஃபார்ம்ல வர்ற வண்டிக்கு போறவங்களையும் முதல்ல மேல ஏத்தி, மேல நடக்க விட்டு, திரும்ப கீழ இறக்கணும்னு ஒரு பிளான் வந்துட்டா, 1908ல தீர்ந்து போன ஒரு பிரச்சனைய நாம திரும்ப உண்டாக்கினதா ஆயிடும்.

அப்புறம் அந்த ஹால். சித்திரை வெயில்ல ரோட்டுல இருந்து உள்ள வந்து நின்னு பாருங்க, வித்தியாசம் உடம்புக்கே தெரியும். கூரை உயரமா இருக்கிறதால சூடான காத்து மேல போயிடுது, சுவர் கனமா இருக்கிறதால பகல் வெயில் உள்ள வந்து சேரவே நேரம் பிடிக்குது, வளைவுகளும் தாழ்வாரமும் நேர் வெயிலை சுவத்துல விழ விடாம தடுக்குது. ஏசி இல்லாத காலத்துல மெட்ராஸ் வெயிலை புரிஞ்சுக்கிட்டு பண்ணின வேலை இது. வைகையோ பாண்டியனோ நெல்லையோ மலைக்கோட்டையோ, தெற்க இருந்து வந்தவங்களுக்கு பட்டணத்தோட முதல் கூரை இதுதான். விடிய காலையில வந்து இறங்கி, முதல் பஸ் வர்ற வரைக்கும் பெட்டி மேலயே உக்காந்து, தரையில துண்டு விரிச்சு படுத்து, கையில இருக்கிற அட்ரஸ் சீட்டை திரும்ப திரும்ப பாத்துட்டு இருந்தவங்க எத்தனை தலைமுறை. ஒரு காலத்துல இங்கேருந்து போட் மெயில் ஏறினா தனுஷ்கோடி போய், கப்பல்ல தலைமன்னார் கடந்து, அங்கேருந்து திரும்ப ரயில்ல கொழும்பு வரைக்கும் போகலாம். 1964 புயல்ல தனுஷ்கோடி அழிஞ்சதோட அந்த வழி போச்சு. 2004ல பீச் தாம்பரம் மீட்டர்கேஜ் மின்சார வண்டியும் நின்னுடுச்சு. அதையெல்லாம் தாண்டி இன்னும் அதே வேலைய செஞ்சிட்டு நிக்கிறது இந்த கட்டடம் ஒண்ணுதான்.

போர்டிகோ பக்கம் ஒரு தூணை கிட்ட போய் பாத்திருக்கேன். தோள் உயரத்துல பெயிண்ட் வழவழன்னு தேய்ஞ்சு கிடக்கு, யாரையாவது எதிர்பாத்து சாஞ்சு நின்னவங்க தேய்ச்சது. அதுக்கு ரெண்டடி மேல பழைய பெயிண்ட் ஏடு ஏடா உரிஞ்சு, அடியில இன்னொரு கலர், அதுக்கும் அடியில இன்னொண்ணு தெரியுது. அதை உரசி எடுத்துட்டு ஒரே கோட்டுல பளிச்சுன்னு அடிச்சிடாதீங்க ப்ளீஸ், அந்த அடுக்குகளை சாம்பிள் எடுத்து பாத்தாலே முதல்ல எந்த கலர் இருந்துச்சுன்னு கண்டுபிடிச்சிடலாம், அதுதான் உங்களுக்கு சரியான ஆதாரம்.

கட்டடத்தை விட்டுட்டு புழக்கத்தை எடுத்துட்டா என்ன ஆகும்னு வேற ஊர்ல பாத்தாச்சு. கோலாலம்பூர்ல ஹப்பாக்குங்கிற ஆர்கிடெக்ட் டிசைன் பண்ணி 1910ல வந்த பழைய ரயில் நிலையம், நம்ம எழும்பூருக்கு ஒண்ணு விட்ட தம்பி மாதிரியே இருக்கும், அதே டோம், அதே வளைவு. 2001ல கே.எல். சென்ட்ரல்ங்கிற புது ஸ்டேஷன் வந்ததும் தொலைதூர வண்டி எல்லாம் அங்க போயிடுச்சு. பழைய கட்டடம் இருக்கு, இடிக்கலை, ஆனா அந்த கூட்டமும் உயிரும் போச்சு. இவ்வளவு தூரம் போவானேன், நான் மேல சொன்ன ஆர்ட் கேலரியே போதும். இர்வினோட மிக அழகான வேலைகள்ல ஒண்ணு அது, பலவீனமா இருக்குன்னு சொல்லி வருஷக்கணக்கா பூட்டி வெச்சாங்க. பூட்டின கட்டடத்துல மழைத் தண்ணி எங்க இறங்குதுன்னு கவனிக்க ஆள் இருக்காது, அரச மரத்து விதை விழுந்து சுவத்துல வேர் விட்டாலும் கேக்க நாதி இருக்காது. தினம் ஜனம் நடமாடற இடத்துல ஒரு ஓடு நகர்ந்தா கூட அன்னிக்கே யாராவது சத்தம் போட்டுடுவாங்க.

பம்பாய்ல சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ் 1888ல முடிஞ்சது, 2004ல யுனெஸ்கோ உலக பாரம்பரிய பட்டியல்ல சேந்துச்சு, இன்னிக்கும் அதுக்குள்ள ரயில்வே ஆபீஸ் நடக்குது, பக்கத்துலயே லோக்கல் வண்டி ஓடிட்டுதான் இருக்கு. லண்டன்ல செயின்ட் பாங்க்ரஸ்ல 1868ல போட்ட இரும்புக் கூரைக்கு அடியில 2007ல இருந்து யூரோஸ்டார் வருது, அந்த காலத்துல பீர் பீப்பாய் அடுக்கி வெச்சிருந்த கீழ்த்தளம் இப்ப பயணிங்க வந்து போற ஹால். பழசுக்குள்ள புதுசு வர முடியும், வந்தும் இருக்கு. நம்ம இன்ஜினியர்களால முடியாதுன்னு நான் ஒரு நாளும் நினைக்க மாட்டேன், பாம்பன்ல புதுப் பாலம் போட்டவங்க நீங்க.

அடுத்தது சுவரைப் பத்தி. இதை கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா பழைய கட்டடங்கள் பாதி அழியறது இடிச்சு இல்ல, தப்பா ரிப்பேர் பண்ணித்தான். எழும்பூர் மாதிரி பழைய செங்கல் கட்டடங்கள் சுண்ணாம்புக் காரையில கட்டினது. சுண்ணாம்புக் காரைக்குள்ள நுண்ணிய துளைகள் இருக்கும், அடியில இருந்து ஏறுற ஈரம், மழையில உறிஞ்சின ஈரம் எல்லாம் அது வழியா ஆவியாயிடும். நாம அது மேல சிமெண்ட் பூசினா என்ன ஆகும்? சிமெண்ட் இறுக்கமானது, ஈரத்தை வெளிய விடாது. உள்ள மாட்டின தண்ணி செங்கல் வழியா வெளிய வர பாக்கும், கடற்கரை ஊரு வேற, உப்பு இருக்கு, அந்த உப்பு செங்கலுக்குள்ளயே படிஞ்சு பெருத்து முகத்தை பொடிப் பொடியா உதிர்த்துடும். பாக்கறவங்க செங்கல் தரமில்லன்னு சொல்லி இன்னும் கொஞ்சம் சிமெண்ட் அப்புவாங்க. இப்படியேதான் நல்ல கட்டடமெல்லாம் போகுது. பிளாஸ்டிக் மாதிரி மூடிக்கிற பெயிண்டும் இதே கெடுதலைத்தான் செய்யும்.

சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச ஆள் இப்ப எங்க கிடைக்கிறாங்கன்னு கேக்கலாம். கிடைக்கிறாங்கங்க. சேப்பாக்கம் பழைய அரண்மனையில கலச மகால் 2012ல தீப்பிடிச்சு எரிஞ்சப்ப பல பேர் அது அவ்ளோதான்னு நினைச்சாங்க, பொதுப்பணித்துறை பழைய முறையிலயே சுண்ணாம்பை ஊற வெச்சு, அரைச்சு, கடுக்காய் வெல்லத் தண்ணி சேத்து திரும்ப எழுப்பிச்சு, இப்ப அங்க பசுமைத் தீர்ப்பாயம் உக்காருது. பக்கத்துல ஹுமாயூன் மகாலையும் அதே மாதிரி மீட்டாங்க. அந்த கொத்தனார்களும் அந்த அனுபவமும் இதே ஊர்ல இருக்கு, உங்க டெண்டர்ல சுண்ணாம்பு வேலைன்னு தனி ஐட்டம் போட்டு, அனுபவம் இருக்கிறவங்கதான் வரலாம்னு ஒரு ஷரத்து வெச்சா போதும். புது டெர்மினல் கட்டற காண்ட்ராக்டர்கிட்டயே இதையும் சேத்துக் குடுத்தா அவர் கையில இருக்கிற சிமெண்ட்டைத்தான் எடுப்பார், அவரை குத்தம் சொல்லி பிரயோஜனம் இல்ல.

வேலை நடக்கறப்ப அதிர்வும் ஒரு விஷயம். பக்கத்துல மண்ணுக்குள்ள ஆழமா தூண் இறக்கி பைலிங் போடறீங்க, அஸ்திவாரம் தோண்டறீங்க, ஏற்கனவே மெட்ரோவுக்கு சுரங்கம் போயிருக்கு, 2018ல இருந்து அடியில மெட்ரோ ஸ்டேஷனும் ஓடுது. பழைய சுவத்துல இருக்கிற ஒவ்வொரு விரிசல் மேலயும் குறுக்கால மெல்லிசா ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டி தேதி எழுதி வைக்கிற பழக்கம் உங்க இன்ஜினியர்களுக்கு நல்லாவே தெரியும், விரிசல் ஒரு நூல் நகர்ந்தாலும் கண்ணாடி உடைஞ்சு காட்டிக் குடுத்துடும். இப்ப அதுக்கு நல்ல நல்ல மீட்டரும் வந்தாச்சு. எதை வேணா வைங்க, ஆனா அந்த அளவை மாசா மாசம் வெளியிடுங்க. மறைக்க எதுவும் இல்லன்னா காட்டறதுல உங்களுக்கு சிரமம் இருக்காது, ஜனங்களுக்கும் நிம்மதி.

புது கட்டடங்களோட உயரம், இடைவெளி பத்தியும் கேக்கணும். காந்தி இர்வின் ரோட்டுல வர்றப்ப அந்த டோமுக்கு பின்னாடி வானம் தெரியணும், அதுதான் அதோட அழகுல பாதி. பின்னாடி கண்ணாடி சுவரு ஒண்ணு எழும்பி நின்னா டோம் அதுல ஒட்டின பொம்மையாட்டம் ஆயிடும். டோமோட உச்சிய விட புதுசு எதுவும் பார்வையில மேல தெரியாத மாதிரி ரோட்டுல நாலு இடத்துல நின்னு பாத்து டிசைனை சரி பண்ணிக்கலாம். விளம்பர போர்டு விஷயமும் இதுல சேந்ததுதான், சென்னையில பாரம்பரிய கட்டடங்களுக்கு நீதிபதி பத்மநாபன் கமிட்டி ஒரு பட்டியல் போட்டுச்சே, அது வந்ததே ஹோர்டிங் வழக்குலதான், பழைய கட்டடங்களை மறைச்சுக்கிட்டு போர்டு நிக்குதுன்னு ஊரு பட்ட பாடு அது. ஸ்டேஷனுக்கு விளம்பர வருமானம் தேவை, புரியுது, புது டெர்மினல்ல எவ்ளோ இடம் இருக்கு, அங்க வெச்சுக்கோங்க. பழைய முகப்புல கலர் கலரா ஓடுற எல்இடி லைட்டும் வேண்டாம். அந்த சிவப்பும் வெள்ளையும் தெரியற அளவுக்கு மஞ்சளா நிதானமா ஒரு வெளிச்சம் போட்டா போதும். கேபிளுக்கும் ஏசி பைப்புக்கும் தூணுலயும் வளைவுலயும் ட்ரில் போடறதை நிறுத்தினாலே பாதி புண்ணியம், இருக்கிற வயரை எல்லாம் ஒரே பாதையா தரைக்கு அடியில கொண்டு போக இதை விட நல்ல சமயம் கிடைக்காது.

மூர் மார்க்கெட்டை இந்த ஊரு மறக்கலை. சென்ட்ரல் பக்கத்துல அவ்ளோ அழகான கட்டடம், 1985ல எரிஞ்சு போச்சு, அந்த இடத்துல புறநகர் ஸ்டேஷன் வளாகம் வந்துச்சு. தேவை நிஜமான தேவைதான், லட்சக்கணக்கான பேர் தினம் அதை பயன்படுத்தறாங்க. இருந்தாலும் பழைய படத்தை பாக்கறப்ப வயிறு எரியுது. ராயபுரம் இன்னொரு பக்கம், 1856ல தென்னிந்தியாவோட முதல் ரயில் கிளம்பின ஸ்டேஷன், பம்பாயிலயும் ஹவுராவுலயும் முதல்ல இருந்த கட்டடங்கள் போயிடுச்சு, இது இன்னும் நிக்குது, 2005ல நீங்களே செலவு பண்ணி புதுப்பிச்சீங்க. ஆனா அங்க வந்து போற வண்டியும் ஜனமும் ரொம்ப கம்மி, அதனால ராயபுரத்துக்காரங்களைத் தவிர பட்டணத்துல பாதி பேருக்கு அப்படி ஒரு கட்டடம் இருக்கிறதே தெரியாது. எழும்பூர் அந்த ரெண்டு வழியிலயும் போகக் கூடாதுன்னுதான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

நடைமுறையில நான் கேக்கறது இதுதான். பழைய ஹால்ல டிக்கெட் கவுன்டரும் விசாரணை கவுன்டரும் தொடரட்டும், எல்லா கவுன்டரும் வேண்டாம், பாதியாவது. முன்பக்க பிளாட்ஃபார்ம்களுக்கு பழைய வாசல் வழியாவே தரையோட நடந்து போற பாதை எப்பவும் திறந்திருக்கட்டும், பாதுகாப்பு சோதனை மெஷினை எல்லாம் தூண் மறையாத இடமா பாத்து வைங்க. மேல் மாடியில இருக்கிற தங்கும் அறைகளை நல்லா பண்ணி நியாயமான வாடகைக்கு சாதாரண பயணிகளுக்கே குடுங்க, அதை வசதியானவங்க மட்டும் போற ஹோட்டலாவோ லவுஞ்சாவோ மாத்திடாதீங்க. மியூசியம் வைக்கணும்னு ஆசை இருந்தா தாராளமா ஒரு அறையில வைங்க, மீட்டர்கேஜ் காலத்து சாமான், பழைய டைம்டேபிள், போட் மெயில் படம்னு வெச்சா நானே குழந்தைகளை கூட்டிட்டு வருவேன், ஆனா கட்டடம் மொத்தமும் மியூசியமா ஆகிட வேண்டாம்.

நல்ல தமிழ்ல ஒரு பலகையும் வேணும். எந்த வருஷம், யாரு டிசைன், யாரு கட்டினது, எந்த பொருள்ல கட்டினதுன்னு. இர்வின் பேரு போடற அதே அளவு எழுத்துல சாமிநாத பிள்ளை பேரும் வரணும். கல் தச்சங்க, கொத்தனாருங்க, சித்தாளுங்க பேரு நமக்கு கிடைக்கலைன்னாலும் அவங்க கட்டினதுன்னு ஒரு வரி இருக்கணும்.

கடைசியா, இதெல்லாம் நீங்க ஏற்கனவே யோசிச்சு வெச்சிருக்கலாம், பிளான்லயே இருக்கலாம். அப்படி இருந்தா எனக்கு ரொம்ப சந்தோஷம், அதை ஜனங்களுக்கு காட்டுங்கன்னுதான் கேக்கறேன். பழைய கட்டடத்துல எந்தெந்த அறை எதுக்கு பயன்படப் போகுது, சுவத்துல என்ன பூசப் போறீங்க, பழமை பாதுகாப்புக்கு பொறுப்பான ஆர்கிடெக்ட் யாரு, இந்த மூணையும் வரைபடத்தோட ஸ்டேஷன் வாசல்லயே தமிழ்ல பெருசா ஒட்டி வைங்க. வேலை முடியறதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை பயணிங்க, போர்ட்டருங்க, ஆட்டோ டிரைவருங்க, கட்டடக்கலை படிக்கிற பிள்ளைங்க எல்லாரையும் கூப்பிட்டு அந்த ஹால்லயே ஒரு கூட்டம் போட்டு கருத்து கேளுங்க. தேதி சொன்னா நாங்க வந்து சேந்துடுவோம்.

நன்றியுடன்,
எழும்பூர் வழியா ஊருக்கு போய் வர்ற ஒரு பயணி